இருப்பும் நீக்கமும்: இணையப் பக்கப் பண்புக்கூறுகள்

இணையவழி விண்ணப்பப் படிவத்தை நிரப்புவோர், உரிய கட்டங்கள் நிறையும் வரை ‘சமர்ப்பி’ என்னும் பொத்தான் மங்கிய நிறத்தில் செயலற்றுக் கிடப்பதைக் கண்டிருப்பர். கடைசிக் கட்டம் நிறைந்ததும் அது செயல்படத் தொடங்குகிறது. அங்கே மாறுவது பொத்தானின் பண்புக்கூறு ஒன்றே. எந்நிலையில் ஒரு பண்புக்கூறு இருக்கவேண்டும், எந்நிலையில் நீங்கவேண்டும் என நிபந்தனை விதித்தல் முகப்பு நிரலாக்கத்தின் அன்றாடப் பணியாகும். எளிதெனத் தோன்றும் இப்பணியில் பிழைகள் மிகுதி.

இணையப் பக்கங்களை அமைக்கும் எச்.டி.எம்.எல். மொழியில், படத்தின் முகவரி போன்ற பண்புக்கூறுகள் ஒரு மதிப்பைத் தாங்கி நிற்பவை. ‘டிசேபிள்டு’, ‘செக்டு’, ‘ரெக்வயர்டு’ முதலியவை அவ்வாறல்ல. இவை பூலியன் வகையின. இவ்வகையில் பண்புக்கூறின் பெயர் இருந்தாலே ‘ஆம்’ என்று பொருள். பெயர் நீங்கினால்தான் ‘இல்லை’ என்று பொருள். எனவே, ‘டிசேபிள்டு’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்னும் சொல்லை மதிப்பாக எழுதினாலும் பொத்தான் முடங்கியே கிடக்கும். கதவில் பூட்டைத் தொங்கவிட்டு, அதன்மேல் ‘பூட்டவில்லை’ என்று சீட்டு ஒட்டுவதைப் போன்றது அது. உலாவி சீட்டைப் படிப்பதில்லை, பூட்டைத்தான் பார்க்கிறது.

2013இல் பொதுப்பயன்பாட்டிற்கு வந்த ரியாக்ட், அடுத்த ஆண்டில் வந்த வியூ ஆகியவை இச்சிக்கலைப் பெரிதும் குறைத்தன. ‘படிவம் நிறையவில்லை’ என்னும் நிபந்தனையையே ‘டிசேபிள்டு’ பண்புக்கூறுக்கு மதிப்பாகத் தந்துவிடலாம். விடை பொய்யெனில் பண்புக்கூறு தானே நீங்கிவிடும். ஆனால், மேற்கோள் குறிக்குள் சொல்லாக எழுதப்படும் ‘ஃபால்ஸ்’ வேறு. தருக்க மதிப்பாகிய ‘ஃபால்ஸ்’ வேறு. முன்னது வெறும் எழுத்துத் தொடர். வெற்றாக இல்லாத எழுத்துத் தொடரை ஜாவாஸ்கிரிப்ட் மெய்யெனவே கொள்ளும்.

‘ஏரியா’ என்னும் முன்னொட்டுடைய பண்புக்கூறுகளில் நெறி தலைகீழாகிறது. இவை, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் மென்பொருளுக்குச் செய்தி தருபவை. விரித்துச் சுருக்கத்தக்க பட்டியலின் பொத்தானில் ‘ஏரியா எக்ஸ்பாண்டட்’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்று எழுதினால், பட்டியல் சுருங்கியுள்ளது எனத் திரைபடிப்பான் அறிவிக்கும். பண்புக்கூறையே நீக்கிவிட்டால் அங்கே விரிக்கத்தக்கது ஒன்று உண்டு என்னும் செய்தியே கேட்பவருக்குக் கிட்டாது. இங்குப் பொய் என்பதையும் எழுதியே தீரவேண்டும்.

முடக்கப்பட்ட பொத்தானிலும் இத்தகைய இடர் உண்டு. ‘டேப்’ விசையால் நகர்பவருக்கு அது அகப்படுவதில்லை. படிவத்தில் சமர்ப்பிக்கும் வழியே இல்லையோ என அவர் திகைக்கக்கூடும். அதனால் சில இடங்களில் ‘டிசேபிள்டு’ என்பதைத் தவிர்த்து, ‘ஏரியா டிசேபிள்டு’ என்பதற்கு ‘ட்ரூ’ மதிப்பைத் தருவர். பொத்தான் விசைக்கு அகப்படும். முடங்கியுள்ளது என்ற அறிவிப்பும் கேட்கும். ஆயினும் இப்பண்புக்கூறு அறிவிப்பதோடு நின்றுவிடும், அழுத்தலைத் தடுக்காது. தடுக்கும் நிபந்தனையை நிரலாளரே தனியே எழுதவேண்டும்.