புது என்ஜினும் முதல் பத்து மணித்தியாலமும்

மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களின் பின் 2017 ஜூலை 3ஆம் திகதி மக்களிடம் கையளிக்கப்பட்டது. 1990இல் எல்லாவற்றையும் விட்டுச் சென்றவர்களில் பலர் படகு, வலை, என்ஜின் என்று மறுபடி வாங்க வேண்டியிருந்தது. கடன்பட்டு வாங்கிய புது என்ஜின் நடுக்கடலில் நின்றுவிட்டால்? இந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் விற்கும் நாம்தான்.

புதுச் சாமான் பழுதாகாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தொழிற்சாலையில் நேர்ந்த குறை பெரும்பாலும் ஆரம்ப நாட்களிலேயே தலைகாட்டும். ஆகவே வாங்கியதைப் பொத்தி வைக்காமல் கரையோரமாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக முதல் நாளே முழு வேகத்தில் முறுக்கவும் கூடாது. பல டூ ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு முதல் 10 மணித்தியாலம் 50 லீற்றர் பெற்றோலுக்கு 2 லீற்றர் ஒயில், பிறகு 1 லீற்றர். மாடலுக்கு மாடல் இது மாறும். ஆங்கிலக் கையேட்டை நீட்டி "பாருங்கோ" என்பது வியாபாரமா? வாசித்துச் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டில் திகதியையும் என்ஜின் இலக்கத்தையும் நானே எழுதிக் கொடுப்பேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். சீட்டில்லாதவர் எதைக் காட்டுவார்? மறைந்திருந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை, கியாருல் ஐப் என்று, நம் மார்க்கமும் வாங்கியவருக்குத் தந்திருக்கிறது.

கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வர எத்தனை நாளாகும் என்பதையும் விற்கும்போதே சொல்லிவிடுவேன். அதைக் கேட்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.