ஒளுவின் நீரும் பாலாற்றின் நீரும்

உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப்படலம் பாடப் புகுந்தபோது, அரபு நாட்டைத் தமிழகத்து மருத நிலமாகவே கண்டார். மழை பொழிகின்றது; வெள்ளம் பெருகி வயல்களை நிறைக்கின்றது; உழவர் நாற்று நடுகின்றனர். இது காப்பிய மரபு என்பர். மரபு என்பது உண்மையே. எனினும் நீர்வளம் இல்லாத நாட்டைச் சிறந்த நாடு என்று பாடத் தமிழ்ப் புலவரின் நாவு இசையவில்லை என்றும் நாம் கொள்ளலாம்.

அப்புலவர் போற்றிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ நீர் அரிதான நிலத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரால் ஒளுச் செய்ததையும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத்து வரையிலான நீரால் குளித்ததையும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி உள்ளது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாஉ. ஷாஃபிஈ கணக்கில் ஒரு முத்து முக்கால் லிட்டருக்கு உட்பட்டது. ஹனஃபி கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை வீணாக்கலாகாது என்று ஸஅத் (ரலி) அவர்களிடம் பெருமானார் கூறியதாக இப்னு மாஜாவில் ஒரு செய்தி வருகின்றது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞரிடையே பேச்சுண்டு. ஆயினும் அதன் கருத்து ஃபிக்ஹு நூல்களில் நிலைபெற்றுவிட்டது. உறுப்புகளை மூன்று முறைக்கு மேல் கழுவுவது வெறுக்கத்தக்கது என்றே இரு மத்ஹபினரும் எழுதினர்.

இனி நம் பள்ளிவாசலுக்கு வருவோம். பழைய பள்ளிகளில் ஹவுள் உண்டு. பத்து முழத்திற்குப் பத்து முழம் பரப்புள்ள தேக்கநீர், அதன் நிறமோ சுவையோ மணமோ மாறாத வரையில், அசுத்தம் விழுந்தாலும் கெடாது என்பது ஹனஃபி சட்டம். ஹவுள்கள் அகன்று விரிந்திருப்பதன் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று, இச்சட்டமும் ஆகும். விளிம்பில் அமர்ந்து கையால் அள்ளிக் கழுவுபவர், ஒவ்வோர் உறுப்புக்கும் குனிந்து அள்ளவேண்டும். அந்த உழைப்பே செலவுக்கு அளவுகோலாயிற்று. குழாய் வந்தபின் அளவுகோல் போயிற்று. நிமிடத்திற்கு 6 லிட்டர் விழும் குழாயைத் திறந்துவிட்டு 2 நிமிடம் ஒளுச் செய்தால் 12 லிட்டர். ஐவேளைக்கு 60 லிட்டர். ஜும்ஆவுக்கு வரும் 200 பேர் இவ்வாறு செய்தால் 2,400 லிட்டர். ஆளுக்கு ஒரு லிட்டர் போதும் என்றால் 200 லிட்டரே. முகத்தைத் தடவும்போதும் தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் குழாயைத் திறந்து வைத்திருக்க எந்தக் கிதாபும் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்துடன் தெருவில் நின்றதைக் கண்டவர்களுக்கு இக்கணக்கு மிகையாகத் தோன்றாது.

ஒளுச் செய்து வடிந்த நீர் எங்கே போகின்றது? பெரும்பாலும் சாக்கடைக்கு. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பயன்படுத்தப்பட்ட அந்நீரால் மறுபடி ஒளுச் செய்தல் கூடாது. ஆனால் அது அசுத்தநீர் அன்று, தூய்மையானதே என்பதே இரு மத்ஹபுகளிலும் ஏற்கப்பட்ட தீர்ப்பு. சோப்பும் அதில் கலப்பதில்லை. ஆகவே மையவாடியின் மரங்களுக்கோ பள்ளியின் தென்னைகளுக்கோ அதைத் திருப்பிவிட மார்க்கத்தில் தடை ஏதுமில்லை. வேண்டியது ஒரு வாய்க்கால்தான். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. பல இடங்களில் அப்போது அமைத்த குழாய்கள் இன்று அடைபட்டுக் கிடக்கின்றன. ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறை மாடியேறிப் பார்த்தல் நன்று.

விருந்துகளைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றிற்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. இருந்தும் வலீமாப் பந்தலின் பின்புறத்தை மறுநாள் காலையில் பார்ப்பவர் அத்தடையை நினைக்கமாட்டார். நோன்புக் கஞ்சிக்கு வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவரும் வழக்கம் நம்மிடம் முன்பே இருந்ததுதான்.

பேசத் தயங்கும் செய்தி ஒன்றுண்டு, அதுவே பெரிது. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வாலாஜாப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகக் கடல் சேரும் பாலாற்றின் கரையில் நம் சமுதாயத்தார் பலர் தலைமுறைகளாகத் தோல் தொழில் செய்துவருகின்றனர். அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் கட்டியது. தொடக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே பதனிடு பொருள்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலை ஊக்குவித்தபின் குரோமிய முறை பரவியது. ஒரு கிலோ தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் நீர் வேண்டும் என்பது துறையினர் கணக்கு. அந்நீர் உப்பையும் குரோமியத்தையும் சுமந்து ஆற்றுக்கும் நிலத்துக்கும் சென்றது. கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் காய்ப்பு இழந்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்ததோடு, மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தரவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு அறிவித்தது. 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம் பாலாற்றுச் சிக்கலை மீண்டும் விசாரித்து, இழப்பீடும் கண்காணிப்பும் குறித்து ஆணையிட்டது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

தொழிலை மூடிவிடுக என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுபவர் அத்தொழிலாளரின் அடுப்பை அறியாதவர். ஆனால் ஒளுவுக்கு ஒரு முத்து நீர் என்று மிம்பரில் கேட்டுவிட்டு, ஆலையின் கழிவுநீரை உலக விவகாரம் என ஒதுக்குவதும் நேர்மை ஆகாது. பிறர் கிணற்று நீரைக் கெடுப்பது அடியார்க்குரிய உரிமையில் கைவைப்பதாகும். அதைத் தவ்பா மட்டும் தீர்க்காது, பாதிக்கப்பட்டவன் பொறுக்க வேண்டும் என்பது நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கும் பாடம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று இயங்குகின்றன. குரோமியத்தைப் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையும் உண்டு. எஞ்சுவது உப்பு. தோல் அழுகாதிருக்கத் தடவப்படும் உப்பே ஊறவைக்கும் நீரில் கரைந்து பெரும் சுமையாகின்றது. நீரில் இடுமுன் தோலை நன்கு உதறி உப்பை உதிர்த்துவிட்டால் அச்சுமை குறைகின்றது. இதற்குப் பெரிய எந்திரம் தேவையில்லை, மரச்சட்டமும் இரு ஆட்களும் போதும். கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைத்தபின் கிடைக்கும் கலப்பு உப்பை எங்கே கொண்டுசெல்வது என்பதற்குத்தான் இன்னும் விடை வரவில்லை. அது நிலையங்களிலேயே குவிகின்றது. வேதியியல் பயிலும் நம் மாணவர்களுள் பாலாற்றங்கரை வீட்டுப் பிள்ளைகள் பலர் உள்ளனர். ஆய்வுக்குப் பொருள் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை, அந்த உப்பு மேடு அவர்கள் ஊரிலேயே உள்ளது.