தாத்தாவின் ஹெரால்டு

கேள்வி: தாத்தா வாங்கிய 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. ஓட வைக்க ஆசை. வீண் செலவா?
– ஒரு வாசகர், கரமனை

பதில்: லாபக் கணக்குப் பார்த்தால் வீண்தான். ஆசைக்கு ஏது கணக்கு! 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டைத்தான் சென்னையில் 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயரில் தயாரித்தார்கள். உருவம் தந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம்.

உடனே சாவியைத் திருகிவிடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். டேங்கைக் கழுவுங்கள். பிரேக் ஹோஸ், பெட்ரோல் ரப்பர் குழாய் எல்லாம் புதிதாக வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். ஸ்பேனர் அங்குல அளவில் வாங்குங்கள்.

உண்மையான எதிரி உங்கள் ஊர் மழையும் கடல் காற்றும்தான். பெயின்டுக்கு முன் சேஸியைத் தட்டிப் பாருங்கள். அது துருப்பிடித்திருந்தால் மேலே அடிக்கும் பளபளப்பெல்லாம் காசுக்குக் கேடு.

2021 விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். பதிந்தால் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான்.

முதல் ஓட்டத்தின்போது பின்னால் ஒருவரை ஸ்கூட்டரில் வரச் சொல்லுங்கள்.