ஆள் இருக்கும் கட்டடத்தில் தளம் மாற்றுவது

அன்புள்ள கயல்,

வேலையில் சேர்ந்ததுமே தாலுகா மருத்துவமனையின் பழைய பெண்கள் வார்டுக்குத் தளம் மாற்றும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாகவும், வார்டை முழுசாகக் காலி செய்ய வழியில்லை என்றும் எழுதியிருந்தாய். எஸ்டிமேட் போடுவதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நீ அனுப்பிய படத்தில் இருப்பது மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் மூலைவாட்டாகக் குத்தி அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, தட்டுகிற கட்டை எகிறும்வரை தட்டி இறுக்கிய தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. குத்திய கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துத்தான் நிற்கின்றன. நடுவில் ஒரு கட்டையை உருவினால் பக்கத்துக் கண்ணும், அதாவது அடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதியும், பிடி விட்டுவிடும். கீழே முட்டுக் கொடுக்காமல் மேலே கடப்பாரை படவே கூடாது.

கட்டையின் நடுப்பகுதியைப் பார்த்து நம்பிவிடாதே. நூறு வருடத் தேக்கும் அங்கே பளபளவென்றுதான் இருக்கும். ஓதமும் கரையானும் சுவருக்குள் புதைந்த முனையில்தான் வேலையைக் காட்டும். சுவரோரம் பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். நல்ல கட்டையில் நுனி இறங்காது. செத்த கட்டையில் சத்தமே இல்லாமல் உள்ளே போகும், இழுத்தால் பழுப்புத் தூள் ஒட்டி வரும். கட்டைக்குக் கட்டை எண் போட்டு, இரண்டு முனையையும் இப்படிப் பார்த்து எழுதி வை. மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதே.

முனையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 1950களிலிருந்து பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தட்டைக் கூரைக்குக் காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் பலகைகளைப் பரப்பினார்கள். தண்ணீர் இறங்கி உள்கம்பி துருப்பிடித்தவையும், சுவர்மேல் போதிய அளவு உட்காராதவையும் முன்னறிவிப்பே இல்லாமல் விழக்கூடியவை என்று பிறகு தெரிந்தது. 2018இல் கென்ட் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கூரை இடிந்தது. வார விடுமுறை என்பதால் பிள்ளைகள் தப்பினார்கள். 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அப்படிப்பட்ட கட்டடங்களை மூடச் சொன்னது அரசு. கிங்ஸ் லின் நகரின் குயின் எலிசபெத் மருத்துவமனையோ ஆயிரக்கணக்கான முட்டுகளை நிறுத்தி, அவற்றுக்கு நடுவே நோயாளிகளைப் பார்த்துவந்தது. அவர்களுக்கும் காலி செய்ய இடமில்லை.

பழைய தளத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு அதில் சம்மதமில்லை. 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும். அத்தனை நாளும் வார்டு உனக்குக் கிடைக்காது. பெரும்பாலான கட்டைகள் நல்லபடியாக இருந்தால், கெட்டவற்றை மட்டும் கண் கண்ணாக மாற்று. வேலை நடக்கும் கண்ணுக்குக் கீழேயும் அதன் இருபுறமும் ஒரு படுக்கைகூட இருக்கக் கூடாது.

மாலைக்குள் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவைத்தான் காலையில் திறக்க வேண்டும். ஜனவரியில் தொடங்கினாலும் கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. 100 சதுர மீட்டர் மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர். தார்ப்பாயைத் தளத்தின்மேல் விரித்துவிட்டுப் போனால் அது குளமாகி, ஒரு ஓரமாக வார்டுக்குள் கொட்டும். சாரம் கட்டி, வாட்டம் கொடுத்துத் தகரம் போடச் சொல். அந்தச் செலவை எஸ்டிமேட்டில் தனி இனமாகக் காட்டு, இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் செய்யமாட்டார். பழைய தளத்துக்கும் புதுத் தளத்துக்கும் நடுவே சிறு திண்டு எழுப்பினால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வராது.

இடித்ததை மாடியிலேயே குவிக்க விடாதே. 10 செ.மீ. ஜல்லித் தளமே சதுர மீட்டருக்கு 200 கிலோவை நெருங்கும். அதை அள்ளி ஓரிடத்தில் குவித்தால் கீழே இருக்கும் கட்டை என்ன பாடுபடும்! மூடிய குழாய் வழியாக அன்றன்றே இறக்கிவிட வேண்டும்.

தூசியைச் சாதாரணமாக எண்ணாதே. பழைய காரையில் பூஞ்சை வித்துகள் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலில் அவை இறங்கினால் உயிருக்கே ஆபத்து. உத்தரத்திலிருந்து தரைவரை பாலிதீன் தடுப்புக் கட்டி, விளிம்புகளை ஒட்டச் சொல். தலைமைச் செவிலியரிடம் தினமும் காலையில் போய்ப் பேசு. எந்த நோயாளியை எங்கே மாற்ற வேண்டும், எந்த நேரத்தில் சத்தம் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆக்ஸிஜன் குழாய் எந்தச் சுவரில் போகிறது என்பதையும் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்.

கட்டை முனைக் குறிப்புகளை முடித்ததும் எனக்கு அனுப்பு. முட்டு எங்கெங்கே வர வேண்டும் என்று வரைந்து, டெண்டருக்குப் போவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
சித்தப்பா