ஜிம்மில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு

வேலையில் இருந்த காலத்திலிருந்தே மேற்குச் சென்னையில் ஒரு ஃபிட்னஸ் கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன். கீழ்த்தளத்தில் எடைப்பகுதி, மாடியில் டிரெட்மில்களும் சைக்கிள்களும், பின்பக்கம் லாக்கர் அறை, அதை ஒட்டி ஸ்டீம் அறை. ஜனவரி பிறந்தால் புதுப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். பொங்கல் லீவு முடிந்ததும் அதில் பாதிப் பேரைக் காணோம். அவர்களை நான் சோம்பேறிகள் என்று நினைத்ததே இல்லை. எந்த இடத்தில் சேர்வது, எதிலிருந்து தொடங்குவது, எதைக் கேட்டு வாங்குவது என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் போனவர்கள்தான் அதிகம். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

1. பக்கத்தில் இருப்பதில் சேருங்கள். வீட்டிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ நடந்து போகிற தூரம் என்றால் மிக நல்லது. சாயங்காலம் ஏழு மணிக்கு வடபழனி சிக்னலைத் தாண்டித்தான் ஜிம்முக்குப் போக வேண்டும் என்றால், மழை பெய்த முதல் வாரத்திலேயே நின்றுவிடுவீர்கள். தூரத்தில் இருக்கும் பெரிய கிளப்பைவிடத் தெருமுனையில் இருக்கும் சின்ன ஜிம் உங்களுக்கு அதிகம் தரும்.

2. சேருவதற்கு முன், நீங்கள் தினமும் போகப்போகும் அதே நேரத்தில் ஒருநாள் போய்ப் பாருங்கள். ஜிம்மிலிருந்து கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மதியம் வரச் சொல்வார்கள். அப்போது எல்லாம் காலியாக, பளபளவென்று இருக்கும். காலை ஆறரைக்கோ இரவு ஏழரைக்கோ போனால்தான் ஸ்குவாட் ரேக் எத்தனை, அதற்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், கூட்டத்தில் மாஸ்டர் யாரைக் கவனிக்கிறார் என்பதெல்லாம் தெரியும்.

கருவிகளைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறையைப் பாருங்கள். ஷவருக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறதா, லாக்கருக்குள் ஈரத்துணி வாடை அடிக்கிறதா, தரைவிரிப்புகளைத் துடைக்கத் துணியும் ஸ்பிரே பாட்டிலும் வைத்திருக்கிறார்களா? நம் ஊர் வெக்கைக்கும் வியர்வைக்கும் படர்தாமரை சீக்கிரம் தொற்றிக்கொள்ளும். ஈரத் தரைவிரிப்பிலிருந்தும் அடுத்தவர் துண்டிலிருந்தும் வரும். வந்துவிட்டால் மாதக்கணக்கில் விடாது. எனக்கு ஒரு கிளப்பின் தரம் என்பது முதலில் அதன் லாக்கர் அறைதான். அதைச் சுத்தமாக வைத்திருக்கிறவர்கள் கேபிள் நைந்துபோனால் அதையும் உடனே மாற்றிவிடுகிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

3. ஏசி இல்லை, இசை இல்லை என்று ஓர் இடத்தை ஒதுக்கிவிடாதீர்கள். கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் பழகிய தேகப்பயிற்சிச் சாலைகளில் ஓலைக் கூரையும் மண் தரையும்தான் இருந்தன. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் மரங்களுக்கு நடுவில் நடக்கிறது. 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். உடம்பை வளர்ப்பது பெருநகரக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமே தவறு. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் சென்னை மாநகராட்சியின் உடற்பயிற்சிக் கூடங்களை விசாரியுங்கள். பல வார்டுகளில் இருக்கின்றன.

4. முதலில் ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ மட்டும் பணம் கட்டுங்கள். வருடக் கட்டணம் மலிவாகத் தெரியும், "இன்றைக்கு மட்டும்தான் ஆஃபர்" என்பார்கள். அடுத்த மாதமும் அதே ஆஃபர் இருக்கும். வெளியூர் மாற்றலோ உடம்பு சரியில்லாமலோ போனால் நாட்களை நிறுத்தி வைக்க முடியுமா, இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, கிளப் மூடப்பட்டால் மிச்சப் பணம் என்ன ஆகும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2020 ஊரடங்கில் எல்லா ஜிம்மும் பூட்டிக் கிடந்தபோது, எழுத்தில் வாங்கி வைத்திருந்தவர்களால்தான் நிமிர்ந்து நின்று கேட்க முடிந்தது. பில்லையும் கேட்டு வாங்குங்கள். ஜிம் கட்டணத்துக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பில்லில் இன்னும் பழைய வரி இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

5. வெறும் பாரில் தொடங்குங்கள். மற்றவை எல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஒலிம்பிக் பார் என்று சொல்கிற நீளமான இரும்புத் தண்டு, பிளேட் எதுவும் போடாமலே 20 கிலோ. பெண்களுக்கான பார் 15 கிலோ, பிடியும் கொஞ்சம் மெலிது. பக்கத்துக்குப் பத்து கிலோ போட்டால் தூக்குவது 20 என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது 40. எல்லா ஜிம்மிலும் இந்த அளவுப் பார் இருக்காது. சிறிய பார்களும் இருக்கும், அவற்றின் எடை வேறு. எதைத் தூக்கினாலும் "இது எத்தனை கிலோ?" என்று மாஸ்டரிடம் கேட்டுவிட்டுத் தூக்குங்கள். பிளேட் நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் கிளிப் மாட்டுங்கள்.

எங்கள் கிளப்பில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். கல்லூரிப் பையன் யார் வந்தாலும் பாரைத் தொட விடமாட்டார். துடைப்பத்தின் மூங்கில் குச்சியைக் கையில் கொடுப்பார். அதை முதுகின் நடுவில் நெட்டுக்குத்தாகப் பிடிக்கச் சொல்வார். பின்தலை, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் உள்ள இடம், இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் எலும்பு, இந்த மூன்றிலும் குச்சி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படியே முழங்காலை லேசாகத் தளர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓரிடத்தில் குச்சி விலகினாலும் "நிமிரு, மறுபடி" என்பார். பையனுக்குக் கோபம் வரும். பக்கத்தில் அவன் நண்பன் ஐம்பது கிலோ தூக்கிக்கொண்டிருப்பான். ஆனால் குச்சி விலகாமல் குனியத் தெரிந்தபின் அந்தப் பையன் பாரைத் தரையிலிருந்து எடுக்கும்போது பார்க்க வேண்டும். முதுகு பலகை மாதிரி நேராக நிற்கும், சுமையைத் தொடையும் பிட்டமும் வாங்கிக்கொள்ளும். முதுகைக் கூனி எடுக்கிறவனுக்கு அந்தச் சுமை இடுப்பு வட்டுகளில் போய் உட்காரும். முப்பது வயதில் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு டாக்டர் வாசலில் உட்காராமல் இருக்க, அந்த மூங்கில் குச்சிக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

ஸ்குவாட்டும் அப்படித்தான். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு நம்முடையது. நாற்காலியும் மேசையும் வந்தபின் இருபது வயதுப் பிள்ளைக்கே குதிகால் தரையில் ஊன்றி உட்கார வரவில்லை. பாரைத் தோளில் ஏற்றும் முன் வீட்டில் தினமும் சும்மா அப்படி உட்கார்ந்து எழுந்து பழகுங்கள்.

எடையைக் கூட்டும்போது சிறிய பிளேட்டாகக் கூட்டுங்கள். கடைசி முறையிலும் உடம்பு கோணாமல் தூக்க முடிந்தால்தான் அடுத்த பிளேட்.

6. கருவிகளை உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொண்டு உட்காருங்கள். போன ஆள் ஆறடி, நீங்கள் ஐந்தடி என்றால் அதே இருக்கையில் உங்கள் தோள் கெட்டுப்போகும். எடையைத் தேர்ந்தெடுக்கும் பின் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். லாட் புல்டவுன் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்காதீர்கள், நெஞ்சுக்கு இழுங்கள். லெக் பிரஸ்ஸில் முழங்காலை முழுக்க நீட்டிப் பூட்டாதீர்கள். டிரெட்மில்லில் ஒரு சிவப்புக் கிளிப் கயிற்றில் தொங்கும். அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். கால் தடுமாறினால் அது கழன்று ஓட்டத்தை நிறுத்திவிடும். அதை மாட்டுகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

7. நல்ல மாஸ்டரை அடையாளம் காண்பது சுலபம். முதல்நாளே அவர் கேள்வி கேட்பார். பி.பி. இருக்கிறதா, சுகர் இருக்கிறதா, எங்கேயாவது எலும்பு முறிந்ததா, வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா? கேட்காமலே கருவியில் உட்கார வைப்பவரிடம் உடம்பை ஒப்படைக்காதீர்கள். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

சேர்ந்த வாரத்திலேயே பவுடர் டப்பாவை நீட்டுகிறவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் 0.83 கிராம் புரதம் போதும். அறுபது கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 50 கிராம். எடை தூக்குகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் வரை இருக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு, தயிர், மீன் எல்லாம் நம் வீட்டிலேயே உண்டு. இதற்கு மேலும் பவுடர் வேண்டும் என்றால் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க உரிம எண்ணையும் காலாவதித் தேதியையும் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

ஊசி, மாத்திரை என்று யாராவது காதோடு பேசினால் அந்த இடத்தை விட்டே போய்விடுங்கள். தசை வளர்க்கும் ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். உடம்பு தானே சுரக்கும் ஆண் ஹார்மோனை நிறுத்தும். குழந்தைப் பேற்றையும் கெடுக்கும். கல்யாணத்துக்கோ போட்டிக்கோ மூன்று மாதத்தில் உடம்பு வர வேண்டும் என்று அவசரப்படுகிற பிள்ளைகளைக் குறிவைத்துத்தான் இது விற்கிறது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

8. தொடங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிக்கும். படி இறங்கக்கூட முடியாது. அது இயல்பு, தானே போய்விடும். மூட்டில் குத்துகிற வலியும் கைகால் மரத்துப்போவதும் வேறு, அவற்றுக்கு நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் "கேஸ் ட்ரபிள்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 108. யாராவது மயங்கி விழுந்து, மூச்சுப் பேச்சில்லாமல் போனால், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மாஸ்டருக்கு அது தெரியுமா என்று சேரும்போதே கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

9. ஸ்டீம் அறை சுகமானது. ஆனால் பயிற்சி முடித்த உடனே ஓடிப்போய் உட்காராதீர்கள். மூச்சு அடங்கி, தண்ணீர் குடித்து, ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள், போதும். பி.பி.க்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போகவே வேண்டாம். தலை சுற்றினால் வெளியே வந்துவிடுங்கள்.

10. தூக்கிய பிளேட்டைக் கழற்றி அதன் இடத்தில் வையுங்கள். உங்களுக்கு லேசாக இருக்கும் 20 கிலோ பிளேட்டை அடுத்து வருகிற பெண்ணோ பெரியவரோ கழற்ற முடியாமல் திண்டாடுவார்கள். நீங்கள் உட்கார்ந்த இடத்து வியர்வையை நீங்களே துடையுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு வந்து தரை கழுவும் அக்காவுக்கு அது வேலை கிடையாது. அவருக்கு வணக்கம் சொல்லுங்கள். பெண்கள் பயிற்சி செய்யும் பக்கம் நின்று பார்ப்பது, கேட்காமலே போய்ச் சொல்லித்தருவது, அடுத்தவர் விழும்படி வீடியோ எடுப்பது எதுவும் வேண்டாம். அவர்களும் உங்களைப் போலவே பணம் கட்டி வந்தவர்கள்.

11. வாரத்துக்கு எத்தனை நாள்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு நல்ல அளவு. மூச்சு கொஞ்சம் வாங்கும்படியான வேக நடை வாரத்தில் 150 முதல் 300 நிமிடம், தசைக்கு வேலை தரும் பயிற்சி குறைந்தது இரண்டு நாள். புதியவர்களுக்கு மூன்று நாள் ஜிம் போதும். ஆறு நாள் போய் ஒரு மாதத்தில் நிற்பதைவிட மூன்று நாள் வீதம் மூன்று வருடம் போவது மேல்.

12. கடைசியாக, வீட்டில் இருப்பவர்களைப் பற்றி. முப்பது, நாற்பது வயதுக்குப் பின் எடை தூக்காத உடம்பில் தசை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. தரையிலிருந்து எழக் கையூன்றுவது, குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது எல்லாவற்றுக்கும் பின்னால் அதுவும் இருக்கிறது. 65 வயதுக்கு மேலும் தசைப் பயிற்சி வேண்டும், தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும் என்று அதே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் கிளப்பில் காலை பத்து மணிக்கு மேல் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. புடவைக்குப் பதில் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கிலோ டம்பெல்லில் தொடங்கிய அம்மாக்கள் இன்று காஸ் சிலிண்டரைத் தாங்களே நகர்த்துகிறார்கள். உங்கள் பகுதி ஜிம்மிலும் அப்படி ஒரு நேரம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அடுத்த வாரமே உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள்.