மருத்துவமும் பராமரிப்பும்: பிரிட்டன் நாட்டு அனுபவம் தரும் பாடம்

தனி மனிதர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைப்பது கூட்டுறவின் முதற்படி. ஒரு சங்கமும் மற்றொரு சங்கமும் ஒன்றுசேர்ந்து ஒரே அங்கத்தினருக்கு ஊழியம் புரிவது அதன் இரண்டாம் படி. முதற்படியைக் காட்டிலும் இரண்டாம் படியே கடினமானது. ஏனெனில் ஸ்தாபனம் ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனி விதி, தனி நிர்வாகம் உண்டு. மனிதனுடைய தேவையோ அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. இந்தக் கடினத்தை ஒரு தேசம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டு வந்த வரலாற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் மருத்துவச் சேவையும் சமூகப் பராமரிப்புச் சேவையும் இணைந்து பணிபுரிய முயன்ற வரலாறே அது.

ஒரே நாளில் இரண்டு சட்டங்கள்

1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அனைரின் பெவன் அப்பொழுது சுகாதார மந்திரி. செல்வர், வறியவர் என்ற வேற்றுமையின்றி, நோயுற்றவர் எவராயினும் மருத்துவரிடமும் மருத்துவமனையிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்பது அதன் அடிப்படை. செலவில் பெரும்பகுதி பொது வரிப் பணத்திலிருந்து வந்தது.

அதே நாளில் தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பழைய ஏழைகள் சட்டத்திற்கு அது முடிவு கட்டியது. முதுமையாலோ உடற்குறையாலோ தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாதவர்களுக்குத் தங்குமிடம் அளிக்கும் பொறுப்பை அச்சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்தது. ஆனால் இப்பராமரிப்பு இலவசமன்று. அவரவர் வருமானத்தையும் சொத்தையும் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கப்பட்டது.

இவ்விதம் நோய் என்றால் ஒரு வாசல், தள்ளாமை என்றால் மற்றொரு வாசல் என்று பிரிந்தது. முதல் வாசலில் கட்டணமில்லை, இரண்டாவதில் உண்டு. முதலாவதை மத்திய அரசாங்கம் நடத்தியது. இரண்டாவதை நகரசபைகளும் மாவட்ட சபைகளும் நடத்தின. இரண்டு சட்டங்களும் நல்ல நோக்கத்துடன் இயற்றப்பட்டவையே. எனினும் அவற்றுக்கிடையே விழுந்த இடைவெளி பின்னர் பெருந்தொல்லை விளைவித்தது.

இடைவெளியில் வீழ்பவர் யார்?

எண்பது வயதான ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் தனியே வாழ்கிறார். ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நன்கு நடந்தேறுகிறது. மருத்துவர் செய்யவேண்டியது முடிந்துவிட்டது. அவர் வீடு திரும்ப வேண்டுமாயின் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். காலையில் எழுப்பி உடுத்திவிட ஓர் ஆள் வேண்டும். உணவுக்கு ஏற்பாடு வேண்டும். இவையெல்லாம் ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு. அதன் ஊழியர் வந்து தேவையை மதிப்பிட வேண்டும். பணவசதியைக் கணக்கிட வேண்டும். அதன்பின் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை மூதாட்டி கட்டிலிலேயே கிடக்கிறார்.

முதியோர் பல நாட்கள் படுக்கையில் கிடந்தால் தசை வலுவிழக்கிறது, படுக்கைப்புண் உண்டாகிறது, தொற்றுநோய் பற்றுகிறது, சிலருக்குச் சித்தமும் கலங்குகிறது. நடந்து வீடு திரும்பியிருக்கக் கூடியவர் நடக்கவே இயலாதவர் ஆகிறார். அவர் கிடக்கும் கட்டிலுக்காக மற்றொரு நோயாளி வெளியே காத்திருக்கிறார்.

இதில் யார் மீது குற்றம்? மருத்துவரும் தம் கடமையைச் செய்தார். சபை ஊழியரும் தம் விதிப்படியே நடந்தார். ஆனால் மூதாட்டி மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளும் சுகாதாரச் சேவைக்குச் செலவு. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் சபைக்குச் செலவு. ஒருவருடைய சிக்கனம் மற்றவருடைய நஷ்டமாகிறது. இருவரும் கணக்கைச் சரியாக வைத்திருக்கையில், கணக்கில் வராத நஷ்டத்தை மூதாட்டி தம் உடலால் செலுத்துகிறார்.

முயற்சிகள் பல

இக்குறையை அந்நாட்டினர் அறியாதவர் அல்லர். 1968-இல் சீபோம் குழு அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாக 1970-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, ஸ்தல ஸ்தாபனங்களில் சிதறிக் கிடந்த நலப்பணிகள் ஒரே இலாகாவின்கீழ் வந்தன. ஆனால் 1974-ஆம் ஆண்டுச் சீரமைப்பில், அதுவரை ஸ்தல ஸ்தாபனங்களிடம் இருந்த வீடு தேடிச் செல்லும் செவிலியர் பணி சுகாதாரச் சேவைக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் தனக்குள் ஒழுங்குபட்டது. நடுவிலிருந்த சுவரோ மேலும் உயர்ந்தது. இரு தரப்பும் கூடிப் பேசக் கூட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 1976 முதல் கூட்டு வேலைகளுக்கென ஒரு சிறு நிதியும் ஒதுக்கப்பட்டது. பெருநிதிகள் அவரவர் பெட்டியிலேயே இருந்தன.

வட அயர்லாந்து மட்டும் வேறு வழி சென்றது. அங்கே 1973 முதல் மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் ஒரே நிர்வாகத்தின்கீழ் நடந்து வருகின்றன.

ஸ்வீடன் நாட்டில் 1992-இல் மற்றொரு முறை கையாளப்பட்டது. சிகிச்சை முடிந்த முதியவர் மருத்துவமனையிலேயே தங்க நேர்ந்தால் அச்செலவை நகரசபையே ஏற்கவேண்டும் என்று விதித்தனர். இங்கிலாந்தும் 2003-இல் இதைப் பின்பற்றிச் சட்டம் செய்தது. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 பவுன், லண்டனிலும் தென்கிழக்கிலும் 120 பவுன், சபை செலுத்த வேண்டும் என்று ஏற்பட்டது. தாமத நாட்கள் குறைந்தது மெய்யே. ஆயினும் அக்குறைவு அபராதம் வருமுன்னரே தொடங்கிவிட்டது. அபராதம் ஒருவரை விழிப்பூட்டக்கூடும். இருவரை நண்பராக்குவது அதனால் ஆவதன்று.

இதைவிடப் பயனுள்ள வழியை 1999-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் திறந்தது. அது மூன்று அதிகாரங்களை அளித்தது. இரு தரப்பும் தம் பணத்தை ஒரே நிதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் சார்பில் மற்றவர் சேவைகளை ஏற்பாடு செய்யலாம். இரு தரப்பு ஊழியரும் ஒரே நிர்வாகத்தின்கீழ் பணிபுரியலாம். இவ்வதிகாரங்கள் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் மீண்டும் இடம்பெற்றன.

டார்பே காட்டிய வழி

டெவன் கடற்கரையில் டார்பே என்னும் பகுதி இருக்கிறது. ஓய்வு பெற்ற முதியோர் நிறைந்த இடம். அங்கே 2005-இல் மருத்துவத்தையும் முதியோர் பராமரிப்பையும் ஒரே ஸ்தாபனமாக இணைத்தனர். பிரிக்ஸம் என்னும் மீன்பிடி ஊரில் முதலில் சோதனை செய்து பார்த்த பின்னரே எங்கும் விரிவாக்கினர்.

திட்டம் வகுக்கையில் அவர்கள் ஒரு கற்பனை மூதாட்டியைத் தம் முன் நிறுத்திக்கொண்டனர். ஸ்மித் அம்மையார் என்று அவருக்குப் பெயரிட்டனர், வயது எண்பதுக்கு மேல். எந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசினாலும், ‘இதனால் ஸ்மித் அம்மையாருக்கு என்ன நன்மை?’ என்பதே கேள்வி.

பகுதி முழுவதையும் ஐந்து வட்டாரங்களாகப் பிரித்தனர். செவிலியர், சமூகப் பணியாளர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஆகியோர் வட்டாரத்திற்கு ஒரு குழுவாக, ஒரே மேலாளரின்கீழ் அமைந்தனர். அவ்வட்டார மருத்துவர்களோடு ஒவ்வொரு குழுவுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. குழுவுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்பட்டார். இவர் மருத்துவப் பட்டமோ செவிலியர் பட்டமோ பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. உதவி வேண்டுவோர் இவர் ஒருவரிடம் சொன்னால் போதும். ஏனையோரைத் தேடி அழைப்பது இவர் பொறுப்பு. நிதியும் ஒன்றாக இருந்தபடியால், ‘இச்செலவு எவர் கணக்கில்?’ என்ற விவாதத்தால் வேலை நிற்கவில்லை.

பலன் யாது? டார்பேயில் நாள்தோறும் நிரம்பியிருந்த மருத்துவமனைக் கட்டில்கள், 1998-99-இல் சராசரி 750 ஆக இருந்தவை, 2009-10-இல் 502 ஆகக் குறைந்தன. 2015-இல் இச்சேவை அப்பகுதி மருத்துவமனையுடனும் ஒரே ஸ்தாபனமாக இணைந்தது.

ராச்டேல் இருக்கும் மண்ணில்

ராச்டேல் என்ற பெயரைக் கேளாத கூட்டுறவாளர் இல்லை. 1844-இல் நெசவாளர் பலர் உள்ளிட்ட இருபத்தெண்மர் டோட் லேன் என்னும் தெருவில் கடை திறந்த ஊர் அது. இன்று அவ்வூர் மான்செஸ்டர் பெருநகரப் பகுதியின் பத்து சபைகளுள் ஒன்றின் தலைமையிடம். 2015 பிப்ரவரியில் அப்பத்து சபைகளும், அப்பகுதி சுகாதார ஸ்தாபனங்களும், அரசாங்கமும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி 2016 ஏப்ரல் முதல், ஆண்டுக்குச் சுமார் 600 கோடி பவுன் மருத்துவ, பராமரிப்புச் செலவைப் பற்றிய முடிவுகள் அப்பகுதியிலேயே கூட்டாக எடுக்கப்படலாயின.

குறைகளையும் மறைத்தல் தகாது

இணைப்பு எல்லாவற்றையும் தீர்க்கும் மந்திரம் என்று எண்ணுதல் பிழை. 2015-16-இல் இங்கிலாந்து முழுவதற்கும் 530 கோடி பவுன் கொண்ட கூட்டு நிதி ஏற்படுத்தப்பட்டது. எதிர்பார்த்த சிக்கனம் கிட்டவில்லை என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2017-இல் அறிவித்தது. இணைந்த சேவை முன்பு கவனிப்பாரற்றுக் கிடந்தவர்களைக் கண்டுபிடிக்கும்போது செலவு கூடுவதும் உண்டு. இணைப்பின் முதற்பயன் நல்ல சேவை. சிக்கனம் வந்தால் அது உபரி லாபமே.

2022 ஜூலையில் இங்கிலாந்து முழுவதும் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் சட்டப்படி நிறுவப்பட்டன. ஆயினும் 1948-இல் விழுந்த அடிப்படைப் பிளவு மறையவில்லை. மருத்துவம் இலவசம், பராமரிப்பு வசதிக்கேற்ற கட்டணம். 2010-இல் இங்கிலாந்தில் விதித்த 23,250 பவுன் சொத்து வரம்பு பல்லாண்டுகள் மாறாதிருந்தது. அதற்கு மேல் உடையவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். ஒருவர் வாழ்நாளில் செலுத்தும் தொகைக்கு உச்சவரம்பு விதிக்கும் திட்டமும் 2024-இல் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்து மட்டும் 2002-இலேயே, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரின் உடற்பராமரிப்பைக் கட்டணமற்றதாக்கியது.

நாம் கொள்ளவேண்டிய பாடங்கள்

முதலாவது: கூடிப் பேசுதல் வேறு, கூடிச் செய்தல் வேறு. நிதியும் பொறுப்பும் ஒன்றுசேராத வரையில் கூட்டுக் குழு தீர்மானம் எழுதும். அதற்கு மேல் செல்லாது.

இரண்டாவது: திட்டத்தை இலாகாவிலிருந்து தொடங்காமல், உதவி வேண்டும் மனிதரிடமிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது: பலர் உதவினாலும் கேட்பதற்கு ஒரே வாசல் வேண்டும். நலிந்தவர் நாலு இடம் அலைய மாட்டார்; வீட்டிலேயே முடங்கிவிடுவார்.

நான்காவது: சிறிய இடத்தில் தொடங்கி, பலன் கண்டு விரிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறிந்து பழகி ஏற்படும் நம்பிக்கையைச் சட்டத்தால் ஒரே நாளில் உண்டாக்க இயலாது.

இப்பாடம் நமக்குப் புதிதன்று. 1954-இல் வெளிவந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கை, கடனையும் விற்பனையையும் இணைக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. விதைக்குப் பணம் கொடுத்த சங்கம் விளைச்சலின்போது ஒதுங்கி நின்றால், விளைச்சல் வியாபாரியின் கிடங்குக்குப் போய்விடுகிறது. பாவு ஒருவரிடமும் ஊடை ஒருவரிடமும் இருந்தால் துணி ஆகாது. இரண்டும் ஒரே தறிக்கு வர வேண்டும்.

படிப்புக் குழுக்கள் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்து முதிய அங்கத்தினர் ஒருவர் நோயுற்று வீடு திரும்பினால், அவருக்கு வேண்டிய உதவிகள் யாவை? அவை எத்தனை இடங்களில் கிடைக்கின்றன?

2. அவ்விடங்கள் அனைத்துக்கும் அவர் சார்பில் செல்லக்கூடியவர் ஒருவர் நம் ஊரில் இருக்கிறாரா? இல்லையெனில் யாரை அமர்த்தலாம்?

3. நம் சங்கம் அண்டைச் சங்கத்தோடு எந்த ஒரு வேலையில் நிதியையும் பொறுப்பையும் பகிர்ந்துகொள்ள இயலும்?

மூன்றாம் வினாவுக்கு விடை காணும் குழுக்கள் அதனை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.