முழங்காலை விசாரித்துவிட்டுக் கண்ணைப் பார்

அன்புள்ள தம்பி,

குத்தாலத்தில் கண் கிளினிக் திறந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். கண்புரை, கண்ணாடி, அறுப்புக் காலத்தில் நெல் பட்டுப் புண்ணான கண் என்று கூட்டம் தானாக வந்துவிடும். அதற்கெல்லாம் என் யோசனை உனக்குத் தேவையில்லை. எப்போதாவது வரும் ஒரு குழந்தையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அபூர்வம் என்பதாலேயே அதைக் கோட்டைவிடுவது சுலபம்.

"கண்ணுல பூ விழுந்துடுச்சு டாக்டர்" என்று அம்மா கூட்டிக்கொண்டு வருவாள். நந்தியாவட்டைப் பூ வைத்துப் பார்த்திருப்பார்கள், மருந்துக்கடையில் சொட்டு மருந்தும் வாங்கிப் போட்டிருப்பார்கள். ஸ்லிட் லாம்பில் முகத்தை வைக்கச் சொல். கருவிழியின் இரண்டு ஓரங்களிலும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில், சாம்பல் பூத்த வெள்ளை தெரியும். விளிம்புக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவில் நூலளவு தெளிவான இடைவெளி இருக்கும். வெள்ளைக்குள்ளே பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரிந்தால் அவை நரம்புகள் பௌமன் படலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் வழிகள். முற்றிய கண்ணில் இரண்டு ஓரமும் நடுவில் வந்து சேர்ந்து, கருவிழியின் குறுக்கே ஒரு பட்டை கட்டியிருக்கும். இமை எப்போதும் மூடியிருக்கும் பகுதி சுத்தமாக இருக்கும். காற்று படும் இடத்தில் கண்ணீர் ஆவியாகிறது, கரியமில வாயு வெளியேறிக் காரத்தன்மை கூடுகிறது, கால்சியம் பாஸ்பேட் கரைசலில் நிற்காமல் படிந்துவிடுகிறது. வேதாரண்யத்துப் பாத்தியில் உப்பு பூக்கிற கணக்குத்தான்.

இதற்கு பேண்ட் கெரட்டோபதி என்று பெயர் எழுதிவிட்டு நிறுத்திவிடாதே. குழந்தையின் முழங்காலைப் பார். கணுக்காலையும் பார். காலையில் எழுந்ததும் நொண்டுகிறதா, வெயில் ஏற ஏறச் சரியாகிவிடுகிறதா என்று கேள். "சைக்கிள்ல விழுந்தா", "காய்ச்சலுக்கு அப்புறம் வீங்குச்சு", "வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தானே செய்யும்" என்று பதில் வரும். பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் சிக்காத மூட்டு வீக்கம் என்றால் அது குழந்தைப் பருவ மூட்டழற்சி. அந்தக் குழந்தையின் கண்ணுக்குள் யூவியைட்டிஸ் என்ற அழற்சி வருஷக்கணக்கில் வலியில்லாமல், சிவப்பில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கும். நீ பார்க்கும் வெள்ளை அதன் தடயம்.

மூட்டோடு சேர்ந்து வரும் இந்தக் கண் நோய் மருத்துவ உலகத்துக்கு அறிமுகமானதே அந்த வெள்ளையின் வழியாகத்தான். 1910இல் ஓம் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒன்பது வயதுச் சிறுமியின் கண்ணில் பட்டை கட்டியிருந்ததை எழுதினார். மூட்டு நோயோடு கண் நோயைச் சேர்த்துச் சொன்ன முதல் பதிவு என்று அதைத்தான் சொல்கிறோம். கல்ஸ்ட்ராண்ட் தன் ஸ்லிட் லாம்பை உலகத்துக்குக் காட்டியது அதற்கு அடுத்த வருஷம், 1911இல். ஓம் காலத்தில் ஸ்லிட் லாம்ப் இல்லாமல் தெரிவதைத்தான் எழுத முடிந்தது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உன் மேசையில் ஸ்லிட் லாம்ப் இருக்கிறது. முன்னறையில் மிதக்கும் செல்களைப் பட்டை கட்டுவதற்கு ரொம்ப முன்பே உன்னால் எண்ண முடியும். ஆனால் அந்த நிலையில் குழந்தையை யாரும் உன்னிடம் கூட்டி வரமாட்டார்கள். வலிக்காத, சிவக்காத கண்ணுக்கு எந்தத் தாய் பஸ் ஏறுவாள்? பள்ளிக்கூடத்தில் எழுத்து அட்டை வைத்துப் பார்க்கும் பரிசோதனையிலும் இது சிக்காது. உள்ளே அழற்சி ஓடும்போதே குழந்தை கடைசி வரி வரை வாசித்துவிடும்.

அதனால் நீதான் போக வேண்டும். மயிலாடுதுறையிலும் கும்பகோணத்திலும் உள்ள எலும்பு மருத்துவர்களையும் குழந்தை மருத்துவர்களையும் நேரில் பார். மூட்டு வீங்கிய ஒவ்வொரு குழந்தையையும், கண்ணில் குறையே சொல்லாவிட்டாலும், அனுப்பச் சொல். ஏழு வயதுக்குள் தொடங்கிய நோய், அதிகபட்சம் நான்கு மூட்டில் மட்டும் வீக்கம், ரத்தத்தில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ், நோய் வந்து நான்கு வருஷம் ஆகவில்லை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லாம்ப். மற்றவர்களுக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ போதும். நம் நாட்டில் குதிகால் வலியோடு வரும் பெரிய பையன்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கண் சிவக்கும், வலிக்கும், தானாக ஓடிவருவார்கள். ஆபத்து சத்தம் போடாத சின்னப் பெண்ணுக்குத்தான்.

முழங்காலும் கண்ணும் ஒரே நோயா என்று பாட்டி சந்தேகப்பட்டால், உன் ஊர்க் கோயில் கதையையே சொல்லலாம். இரண்டு கண்ணும் இழந்து, காஞ்சியில் ஒரு கண் மட்டும் திரும்பப் பெற்று வந்த சுந்தரருக்கு உடம்பு நோய் தீர்ந்தது திருத்துருத்தியில், அதாவது உங்கள் குத்தாலத்தில். மறு கண் கிடைத்தது திருவாரூரில். ஒரே ஆளுக்குக் கண்ணும் உடம்பும் சேர்ந்து கெடும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி அல்ல.

சொல்வதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். "கண்ணில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாயானால், அன்றைக்கே அந்த வீட்டில் பாலும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நின்றுவிடும். இந்தக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் சரியாகத்தான் இருக்கும். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு எலும்புக்காகப் பால் கூடுதலாகவே வேண்டும். சாப்பாட்டால் வந்ததல்ல என்பதை முதல் வாக்கியமாகச் சொல்.

பெரியவர்கள் கதை வேறு. அழற்சி இல்லாமல் இரண்டு கண்ணிலும் பட்டை கட்டியிருந்தால் கால்சியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின் பார்த்துவிடு. சிறுநீரகமோ பாராதைராய்டோ காரணமாக இருக்கலாம். மூட்டுவலிக்கென்று ஆறு லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. கேட்காமல் அதைச் சொல்லமாட்டார்கள்.

பட்டையை எடுக்கிற வேலை அப்படியொன்றும் பெரிதில்லை. 1952இல் அமெரிக்க மருத்துவர் கிராண்ட் எழுதிய வழியைத்தான் இன்றும் செய்கிறோம். கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, டைசோடியம் ஈ.டி.டி.ஏ. நனைத்த பஞ்சால் பொறுமையாகத் தேய்த்தால் கால்சியம் கரைந்து வரும். மேல்தோலை எடுக்காமல் சொட்டாக விட்டால் பலனில்லை. சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டும், ஆகவே உன் கிளினிக்கில் முயலாதே. பார்வையை மறைத்தாலோ உறுத்தினாலோ மட்டும் எடுத்தால் போதும். உள்ளே அழற்சி அடங்காமல் எடுத்தால் திரும்பக் கட்டும். புரை அறுவையும் அப்படித்தான்: குறைந்தது மூன்று மாதம் கண் அமைதியாக இருந்த பிறகே. ஏழெட்டு வயதுக்குள் உள்ள குழந்தை என்றால், வெள்ளை போனபின் நல்ல கண்ணை மூடி மறு கண்ணுக்குப் பயிற்சி தர மறக்காதே.

அழற்சியை அடக்குவதுதான் உண்மையான வைத்தியம். பிரெட்னிசோலோன் சொட்டில் தொடங்குவாய். மாதக்கணக்கில் அதையே ஓட்டினால் புரையும் கண் அழுத்தமும் வரும், அதனால் மெதோட்ரெக்ஸேட். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் தரும் மருந்து. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் "வாரம் ஒருமுறை" என்று எழுதினால் போதாது. "ஞாயிறு மட்டும்" என்று தமிழில் பெரிதாக எழுதி, அம்மாவைத் திருப்பிச் சொல்லச் சொல். மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவை. அதிலும் அடங்காவிட்டால் அடாலிமுமாப் ஊசி. 2017இல் வெளியான பிரிட்டனின் சைக்கமோர் ஆய்வு, மெதோட்ரெக்ஸேட்டோடு அதைச் சேர்த்தால் கண் அழற்சி நன்றாக அடங்குவதைத் தெளிவாகக் காட்டியது. ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும், நம் ஊரில் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

மெதோட்ரெக்ஸேட்டையும் அடாலிமுமாபையும் நீ தனியாகத் தர வேண்டாம். புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை எழும்பூர் மருத்துவமனைக்கோ அனுப்பு. மேற்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியதை உன்னிடமே வைத்துக்கொள். புதுச்சேரிக்கு ஒவ்வொரு தடவையும் போவதென்றால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். குத்தாலம் வர அம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது. நடவு நாட்களில் வரமாட்டார்கள், அதனால் தேதியை அவர்களைக் கேட்டே குறி.

அனுப்பும் கடிதத்தில் "யூவியைட்டிஸ், மேற்சிகிச்சைக்கு" என்று ஒற்றை வரி எழுதாதே. மூட்டு மருத்துவரால் கண்ணுக்குள் பார்க்க முடியாது. முழங்கால் வீக்கம் வடிந்திருந்தால் நோய் தணிந்தது என்று அவர் மருந்தைக் குறைத்துவிடலாம், கண் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னறையில் செல் எந்த அளவு, கண் அழுத்தம் எவ்வளவு, கண் பாவையின் விளிம்பு லென்ஸோடு ஒட்டியிருக்கிறதா, தினம் எத்தனை சொட்டில் கண் நிற்கிறது, போன தடவை எப்படி இருந்தது என்று எழுது. ஊசியைத் தொடங்கலாமா என்று அவர் முடிவெடுப்பது நீ எழுதும் அந்த எண்களை வைத்துத்தான்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்